சைட்டோஅட்ஹெரன்ஸ்: கலவொட்டல்

மலேரியா ஒட்டுண்ணி குடிபுகுந்த இரத்தச் சிவப்பணு, நுண்நாளங்களின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு அங்கேயே நின்றுவிடுவதே சைட்டோஅட்ஹெரன்ஸ். இது முழு வீச்சில் நடப்பது பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி வகையின் தொற்றில்.

'கிட்டோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு உட்குழிந்த பாத்திரம் என்று பொருள். பிறகு அது செல்லுக்கு ஆகிவந்தது. பின்பாதி, ஒட்டியிருத்தலைச் சொல்லும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழிலும் கலம் என்றால் பாத்திரம்தான். இலங்கைப் பாடநூல்களில் செல்லுக்குப் பெயரே கலம். ஆகவே 'கலவொட்டல்' கச்சிதமாகப் பொருந்துகிறது. 'செல் ஒட்டுதல்' என்றாலும் சரியே. 'இரத்த உறைவு' என்று மட்டும் எழுதக்கூடாது. உறைவில் ஃபைப்ரின் இழைகள் வலை பின்ன வேண்டும், இங்கே பிடிப்பதோ ஒட்டுண்ணியின் புரதம்.

சிவப்பணுவுக்குள் ஒட்டுண்ணியின் சுழற்சி சுமார் 48 மணி நேரம். ஒட்டுண்ணி மோதிரம்போல் தெரியும் தொடக்க வளையப் பருவத்தில் அணு தடையின்றிச் சுற்றிவரும். ஏறத்தாழ 16 முதல் 20 மணி நேரத்துக்குப் பிறகு அதன் மேற்பரப்பில் நுண்குமிழ்கள் எழும். ஒவ்வொன்றும் 100 நானோமீட்டர் அளவு. அவற்றில் பிஎஃப்இஎம்பி-1 என்ற புரதம் நீட்டிக்கொண்டிருக்கும். அது நாளச் சுவரிலுள்ள சிடி36, ஐகேம்-1, ஈபிசிஆர் போன்ற ஏற்பிகளைப் பிடிக்கும். நஞ்சுக்கொடியில் அது பிடிப்பது காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட்-ஏ. இந்தப் புரதத்துக்கு ஒட்டுண்ணியிடம் சுமார் 60 மரபணுக்கள் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் பெரும்பாலும் இயங்கும். எதிர்ப்பொருள் உருவானதும் வேறொன்று இயங்கும் ஒட்டுண்ணிகள் மேலோங்கும்.

ஒட்டிக்கொள்வதால் ஒட்டுண்ணிக்கு என்ன லாபம்? தொற்றிய அணு விறைத்துப்போகும். சுற்றிக்கொண்டே இருந்தால் மண்ணீரலின் குறுகிய இடுக்குகளில் சிக்கி அழியும். சுவரில் ஒட்டினால் தப்பிக்கும். இப்படி உறுப்புகளில் தங்கிவிடும் விளைவுக்குத்தான் சீக்வெஸ்ட்ரேஷன், அதாவது பதுங்கல், என்று பெயர். ஒட்டல் செயல், பதுங்கல் அதன் பலன். இரண்டையும் ஒன்றாக எழுதுவது பரவலான பிழை. மூளையின் நுண்நாளங்கள் அடைபட்டால் சுயநினைவிழப்பு, வலிப்பு வரை போகும்.

நோயறிதலிலும் இது ஏமாற்றும். விரல்நுனி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் இரத்தப் பூச்சில் பெரும்பாலும் வளையங்கள்தான் தெரியும், முதிர்ந்தவை பதுங்கியிருக்கும். எண்ணிக்கை குறைவு என்பதற்காக நோய் லேசானது என்று முடிவுகட்டக்கூடாது. முதல் பூச்சில் எதுவும் தெரியாவிட்டாலும் சந்தேகம் இருந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மீண்டும் எடுக்க வேண்டும். கடும் மலேரியாவில் குயினினைவிட ஆர்ட்டிசுனேட் ஊசி மேலானதற்கு முக்கியக் காரணமும் இதில்தான் இருக்கிறது: குயினின் முதிர்ந்த பருவத்தில்தான் வலுவாக வேலை செய்யும், ஆர்ட்டிசுனேட் வளையப் பருவத்திலேயே, ஒட்டுவதற்கு முன்பே, ஒட்டுண்ணியைக் கொன்றுவிடும்.