இருபாலீர்ப்பு: சொல்லும் பொருளும்

ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தவர்மீது ஈர்ப்பு கொள்பவரைக் குறிக்கும் 'பைசெக்சுவல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இருபாலினத்தவர், இருபாலர், இருபால் சேர்க்கையாளர், இருபாலீர்ப்பாளர் என்று பல பெயர்கள் உலவுகின்றன. இவற்றில் கடைசிச் சொல்லே பொருந்துவது.

ஆங்கிலச் சொல் முதலில் தாவரவியலில் புழங்கியது. 'பை' என்றால் லத்தீனில் இரண்டு. மகரந்தத்தாளும் சூலகமும் ஒரே பூவில் அமைந்தால் அது பைசெக்சுவல். நம் பாடநூல்கள் செம்பருத்தியை இருபால் மலர் என்பது இந்தப் பொருளில்தான். கிராஃப்ட்-எபிங் என்ற மனநல மருத்துவர் ஜெர்மனில் எழுதிய மருத்துவ நூலைச் சார்ல்ஸ் கில்பர்ட் சாடாக் 1892இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தபோது, யார்மீது நாட்டம் என்பதைக் குறிக்கவும் இதே சொல்லைக் கையாண்டார். பொருள் மாறியது, உரு மாறவில்லை. உடலைக் குறித்த சொல்லே விருப்பத்தையும் குறிக்கத் தொடங்கியதால் வந்த குழப்பம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

'இருபாலினத்தவர்' அந்தக் குழப்பத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருகிறது. கேட்பவர் ஆண், பெண் என்று வகுக்க முடியாத உடற்கூறோடு பிறந்த ஊடுபால் மக்களையோ திருநரையோ நினைத்துக்கொள்வார். 'இருபாலர்' என்றாலோ ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் பள்ளிதான் நினைவுக்கு வரும்! 'சேர்க்கையாளர்' உறவைப் படுக்கையறையோடு நிறுத்திவிடுகிறது. யாரோடும் பழகாத பதினெட்டு வயதுப் பெண்ணும், ஆணை மணந்து இருபது ஆண்டுகள் வாழ்ந்தவரும் இருபாலீர்ப்பாளராக இருக்கலாம். ஈர்ப்பு உள்ளத்தில் இருப்பது. துணையை வைத்து அளக்கக்கூடியதல்ல. ஆங்கிலத்தில் இல்லாத இந்தத் தெளிவு தமிழ்ச் சொல்லில் வாய்த்திருக்கிறது.

'இரு' என்பதையும் இரண்டே இரண்டு என்று இறுக்கிப் பிடிக்க வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட பாலினத்தவர்மீது ஈர்ப்பு கொள்ளக்கூடியவர் என்பதே இருபாலீர்ப்பாளர் இயக்கத்தினர் தரும் விளக்கம். இரு பக்கமும் சரிபாதி ஈர்ப்பு இருக்க வேண்டும் என்ற கணக்கும் இல்லை.

துணையைப் பார்த்து ஆளை முடிவுசெய்யும் பழக்கம், பாலீர்ப்பிலும் பாலினத்திலும் சிறுபான்மையினரான மக்கள் தலைநிமிர்ந்து நடக்கும் பிரைடு ஊர்வலத்திலும் தொடர்கிறது. இருபாலீர்ப்புடைய பெண் காதலனோடு வந்தால் 'ஆதரவு தர வந்தவர்', காதலியோடு வந்தால் 'லெஸ்பியன்'. இரண்டு வழியிலும் அவர் மறைந்துபோகிறார். இத்தனைக்கும், காவல்துறைச் சோதனையை எதிர்த்து 1969இல் நியூயார்க்கின் ஸ்டோன்வால் விடுதியில் வெடித்த எழுச்சியின் முதலாண்டு நினைவாக 1970 ஜூன் 28இல் நியூயார்க்கில் நடந்த ஊர்வலத்தை ஒருங்கிணைத்தவர்களுள் ஒருவரான பிரெண்டா ஹவர்ட் இருபாலீர்ப்பாளர். 'பிரைடின் தாய்' என்றே அவரை அழைப்பார்கள். அப்படியிருந்தும் சம உரிமை கோரி நடந்த வாஷிங்டன் பேரணியின் பெயரில் லெஸ்பியன், கே ஆகிய சொற்களோடு 'பை' இடம்பெற 1993 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் முழுச்சொல்லாக அல்ல, அந்தச் சுருக்கமாக மட்டும். டிரான்ஸ்ஜெண்டர் என்ற சொல்லுக்கு அந்தப் பெயரில் அந்த இடம்கூடக் கிடைக்கவில்லை.

மைக்கேல் பேஜ் 1998இல் இருபாலீர்ப்பாளருக்காக வடிவமைத்த கொடி இந்த மறைவையே நிறத்தில் காட்டுகிறது. மேலே அகன்ற இளஞ்சிவப்பு, கீழே அகன்ற நீலம், நடுவே குறுகிய ஊதாப் பட்டை. ஊதா இருபுறமும் கலந்து கரைவதைப் போல இருபாலீர்ப்பாளரும் தன்பாலீர்ப்பாளர், எதிர்பாலீர்ப்பாளர் ஆகிய இரண்டு சமூகங்களிலும் அடையாளம் தெரியாமல் கலந்திருக்கிறார்கள் என்பது அவர் சொன்ன விளக்கம். 1999 முதல் செப்டம்பர் 23ஆம் நாளை இவர்களுக்கென்று தனியாகக் கொண்டாடுகிறார்கள்.

பிரைடு என்பதற்குச் சென்னையில் 'சுயமரியாதை' என்ற சொல் வழங்குவது, 'பெருமை' என்று பெயர்த்திருந்தால் கிடைத்திராத வரலாற்றுக் கனத்தைத் தருகிறது. உயர் நீதிமன்ற வழக்கொன்றின் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு அரசு பால்புதுமையர் (பாலீர்ப்பிலோ பாலினத்திலோ வழக்கமான வரையறைக்குள் அடங்காதவர்கள்) தொடர்பான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. அதன் பிறகும் செய்திகளில் 'சேர்க்கையாளர்' தலைகாட்டத்தான் செய்கிறது.

எழுதும்போது: பண்புக்கு இருபாலீர்ப்பு, ஒருவருக்கு இருபாலீர்ப்பாளர், பலருக்கு இருபாலீர்ப்பாளர்கள் அல்லது இருபாலீர்ப்பினர். 'பை' என்ற சுருக்கம் பேச்சில் இருக்கட்டும்; தலைப்பில் போட்டால் கடைக்குக் கொண்டுபோகும் பையென்றுதான் படிப்பார்கள்.