கூழ்ப்பானையும் எரிமலையும்

தங்கச்சிமடத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள்: "ஹவாய் வீடியோவில் நெருப்புக்குழம்பு ஆறு மாதிரி ஓடுது, பக்கத்திலேயே நின்னு படம் எடுக்கிறாங்க. பிலிப்பைன்ஸ் பினட்டுபோ வீடியோவில் மலையே வெடிச்சு வானம் இருட்டிப்போகுது. ரெண்டும் எரிமலைதானே, ஏன் இப்படி?"

பாறை உருகுவது, அந்த உருகிய குழம்பான மாக்மா மேலே ஏறுவது எல்லாம் பாடத்தில் படித்திருப்பாய். அந்த மாக்மாவுக்குள் தண்ணீரும் கரைந்திருக்கிறது. ஆழத்தில் உள்ள அழுத்தம் அதை வெளியே விடாது. மேலே வர வர அழுத்தம் குறையும். கோலிசோடாவில் குண்டைத் தட்டியதும் பொங்குமே, அப்படி நீராவிக் குமிழிகள் பிறக்கும். அந்தக் குமிழி தப்பிக்கிறதா, மாட்டிக்கொள்கிறதா? எல்லாம் அதில்தான் இருக்கிறது.

அடுப்படிக்குப் போய்ப் பார். வெந்நீரில் குமிழி வந்த சுவடே தெரியாமல் உடையும். கேழ்வரகுக் கூழில் அப்படியில்லை. மேலே மெதுவாக உப்பும், ஒரு நொடி அப்படியே நிற்கும், அப்புறம் 'பளக்'கென்று வெடித்துக் கையில் தெறிக்கும். இரண்டிலும் அதே நீராவிதான். கூழ் கெட்டியாக இருப்பதால் அதைப் பிடித்து வைக்கிறது.

ஹவாயின் கிலாவேயா எரிமலை கக்கும் குழம்பில் சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள், சுமார் 50 சதவீதம். இளகிய குழம்பு, குமிழிகள் எளிதில் தப்பிவிடும். பினட்டுபோவில் சிலிக்கா 60 சதவீதத்துக்கும் மேல். சிலிக்கா கூடக் கூட அணுக்கள் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டு குழம்பு இறுகும். மாட்டிக்கொண்ட குமிழிகள் விரிந்து விரிந்து கடைசியில் குழம்பையே தூளாக்கிவிடும். வீடியோவில் புகை என்று நாம் நினைக்கும் கரிய மேகத்தில் நிறைந்திருப்பது உடைந்த குமிழிகளின் சுவர்கள், நுண்ணிய கண்ணாடித் தூள்!

இந்தப் படங்கள் உயிரையும் காப்பாற்றியிருக்கின்றன. பிரான்சின் காத்தியா, மோரிஸ் கிராஃப்ட் தம்பதி எரிமலைகளை நெருங்கிப் போய்ப் படமெடுத்தவர்கள். 1991 ஜூன் 3 அன்று ஜப்பானின் உன்சென் எரிமலையில் இறந்தார்கள். அவர்கள் எடுத்த காட்சிகள் சேர்ந்த வீடியோவை அந்தச் சமயத்தில்தான் பினட்டுபோ பகுதியில் போட்டுக் காட்டினார்கள். ஆபத்தைக் கண்ணால் பார்த்தபின் ஊரைக் காலி செய்ய மக்கள் துணிந்தார்கள். ஜூன் 15 அன்று மலை வெடித்தது. நம் அந்தமானில் பாரன் தீவும் 1991 முதல் விட்டுவிட்டுச் சீறுகிறது; அதைக் கண்காணிக்க எவ்வளவு பணம் ஒதுக்கினாலும் தகும் என்பேன்.

தூளாகாமல் அப்படியே உறைந்த நுரைதான் நுரைக்கல். தண்ணீரில் மிதக்கும். 1883-இல் இந்தோனேசியாவின் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தபோது கிளம்பிய நுரைக்கற்கள் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கக் கரைக்கே போய்ச் சேர்ந்தன.

ராமேசுவரத்தில் மிதக்கும் கல்லைத் தொட்டியில் போட்டுக் காட்டுவதைப் பார்த்திருப்பாய். பக்தி அவரவர் மனம். ஆனால் ஏன் மிதக்கிறது என்று கேட்கிற பிள்ளையிடம் "அதிசயம்" என்று சொல்லி வாயை அடைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. நம்முடையது பவளப்பாறைக் கடல். காய்ந்த பவளத்திலும் துளைகள் உண்டு, சில துண்டுகள் மிதக்கும். கரையில் லேசான கல் ஏதாவது கிடந்தால் இரண்டு சொட்டு வினிகர் விட்டுப் பார். பவளம் சுண்ணாம்பு, பொடிப்பொடியாகக் குமிழி விடும். நுரைக்கல் சும்மா இருக்கும். சரி, பார்த்ததும் அங்கேயே போட்டுவிடு. பவளம் எடுப்பது குற்றம். லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. பவளத்தில் சின்னச் சின்னப் பூ மாதிரி குழிகள் ஒழுங்காக இருக்கும். நுரைக்கல்லின் துளைகள் பல சமயம் ஒரே பக்கமாக நீண்டிருக்கும், குழம்பு ஓடிய திசையில் இழுபட்ட குமிழிகள்.