சட்டியில் எஞ்சுவதும் ஆவியில் போவதும்

நுவரெலியாவில் மழையும் பனிமூட்டமும் ஒன்றாக இறங்கிவிட்டால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்துக் காம்பராக்களில் இருமல் சத்தம் ஓய்வதில்லை. வீட்டிலுள்ள பெரியவர்கள் ஆடாதோடை இலையையும் கொத்தமல்லி விதையையும் தட்டிய இஞ்சியையும் சட்டியில் இட்டு, எட்டுக் கோப்பைத் தண்ணீர் ஊற்றி, அது ஒரு கோப்பையாக வற்றும்வரை கசாயம் காய்ச்சுவார்கள். சிங்கள வெதமாத்தயா சொன்னாலும் தமிழ் வைத்தியர் சொன்னாலும் இந்த ‘எட்டுக்கொன்று’ கணக்கு மாறாது. அதன் வேதியியல் சுவையானது.

ஆடு தொடாத அளவுக்குக் கசக்கும் ஆடாதோடை இலையில் வாசிசின் என்ற அல்கலொயிட்டு (தாவரங்களில் உண்டாகும், நைதரசன் கொண்ட ஒரு வகைச் சேர்மம்) உள்ளது. அது ஆவியாகிப் போகாமல் நீரில் இறங்கித் தங்குவதால், சட்டி வற்ற வற்றக் கசப்பும் மருந்தும் சேர்ந்தே செறிவடைகின்றன. வாசிசினும் அதன் உறவுப் பொருளான வாசிசினோனும் மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. அந்த மூலக்கூற்றை மாதிரியாகக் கொண்டே 1963இல் அறிமுகமான புரோம்ஹெக்சின் என்ற சளி மருந்தை வேதியியலாளர்கள் உருவாக்கினார்கள். மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து, தூசு ஒட்டிய சளியைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும். சளி பசைபோல இறுகினால் அவற்றால் தள்ள முடியாமல் போகிறது, அந்த வேலையை இருமல் எடுத்துக்கொள்கிறது. புரோம்ஹெக்சின் அந்த இறுக்கத்தைக் குலைத்து, சளியை இளக்குகிறது.

கொத்தமல்லியின் கதை நேர்மாறானது. அதன் மணத்துக்குக் காரணமான லினலூலின் கொதிநிலை 198 பாகை செல்சியஸ் என்றாலும், கொதிக்கும் நீரின் ஆவியோடு சேர்ந்து அது எளிதில் வெளியேறிவிடும். வாசனைத் தைலம் வடிப்பதும் இப்படித்தான். ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது என்றாலும் அந்தத் தைலம் தப்புவதில்லை. அடுப்படி முழுக்கக் கமகமவென்று மணக்கிறதென்றால், சட்டியிலிருந்து அது போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆகவே இலையை முதலில் வற்றவைத்துவிட்டு, கொத்தமல்லியைக் கடைசியில் இட்டு மூடிவைப்பதே சரியென்பது என் எண்ணம். இஞ்சி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: சூட்டில் அதன் காரப் பொருளான ஜிஞ்சரோலில் ஒரு பகுதி, சுக்கில் மிகுதியாக உள்ள ஷோகயோலாக மாறிக் காரம் கூடுகிறது.

வேது பிடிப்பதில் நமக்கு வேண்டியது போகின்ற அந்த ஆவிதான். யூக்கலிப்டஸ் இலையிலுள்ள சினியோல் மூக்கின் குளிர் உணர்விகளைத் தூண்டுவதால், அடைப்பு முழுதும் விலகாவிட்டாலும் மூச்சு எளிதாகப் போவதுபோல் தோன்றும். கொதிநீர்ச் சட்டியைக் குழந்தையின் முகத்தருகே வைப்பது மட்டும் கூடாது, சரிந்தால் வெந்துவிடும்.

கசாயத்துக்கும் எல்லைகள் உண்டு. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியது என்பதால் கர்ப்பிணிகள் ஆடாதோடையைத் தவிர்க்க வேண்டும். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தேன் கலந்து கொடுக்கக் கூடாது. நெஞ்சு ‘வீசிங்’ எடுத்து விலா உள்வாங்கும்போது கசாயம் வற்றும்வரை காத்திருக்க நேரமில்லை. சில நிமிடங்களில் மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமோல் இன்ஹேலரும் வைத்தியசாலையும்தான் அப்போது தேவை. இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளியைப் பரிசோதித்துக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எட்டுக் கோப்பை ஒன்றாக வற்றுவதற்கு அடுப்பு நெடுநேரம் எரிய வேண்டும். புகைபோக்கி இல்லாத லயத்து அடுப்படியில், மழையில் நனைந்த விறகு அவ்வளவு நேரமும் புகைகிறது. அந்தப் புகையின் நுண்துகள்கள் மூச்சுக்குழாயின் நுண்மயிர்களையே மந்தமாக்குகின்றன. இருமுகின்ற பிள்ளையோ, குளிருக்கு இதமாக அந்த அடுப்பருகில்தான் குந்தியிருக்கிறது.