ஆறே இல்லாத மலை, அதன் அடியில் ஓர் ஆறு

தென் பிரான்சில் அவிஞ்ஞோன் நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 30 கிலோமீட்டர் போனால் ஃபொந்தேன்-த-வோக்ளூஸ் என்ற கிராமம் வரும். சில நூறு பேர் வாழும் சின்ன ஊர். ஆனால் கோடையில் அங்கே கார் நிறுத்த இடம் தேடுவது பெரும்பாடு. இத்தனை பேரும் வருவது ஒரு தண்ணீர்க் குழியைப் பார்க்க.

ஊர்ச் சதுக்கத்திலிருந்து ஆற்றோரமாக ஒரு பாதை மேலே ஏறுகிறது. ஐஸ்கிரீம் கடைகள், நினைவுப்பொருள் கடைகள், தண்ணீர்ச் சக்கரம் சுற்றும் பழைய காகித ஆலை எல்லாவற்றையும் தாண்டிக் கால் மணி நேரம் நடந்தால் பள்ளத்தாக்கே முடிந்துவிடும். எதிரே 200 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் சுண்ணாம்புப் பாறைச் சுவர். அதன் காலடியில் ஒரு குகைவாய். சோர்க் ஆறு இங்கேதான் பிறக்கிறது. மற்ற ஆறுகள் சிற்றோடையாகத் தொடங்கி வழியில் பெருகும். சோர்க்குக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது, வெளியே வரும்போதே முழு ஆறாக வருகிறது. சராசரியாக விநாடிக்கு 20 கன மீட்டர், அதாவது 20,000 லிட்டர். ஆண்டுக்குக் கணக்குப் போட்டால் 63 கோடி கன மீட்டர். பிரான்சின் மிகப் பெரிய ஊற்று இதுதான்.

சரி, இவ்வளவு தண்ணீரும் எங்கிருந்து வருகிறது? விடை தெரிய ஊற்றை விட்டுவிட்டு மலைக்குப் போக வேண்டும்.

வடகிழக்கே 1,910 மீட்டர் உயரமுள்ள மோன் வான்தூ மலை, அதையொட்டி வோக்ளூஸ் மலைகள், அல்பியோன் பீடபூமி, லூர் மலை. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 1,100 சதுர கிலோமீட்டர். சோ என்ற ஊரைச் சுற்றியுள்ள லாவெண்டர் வயல்களைப் படம் பிடிக்க ஜூலையில் கூட்டம் அலைமோதும் பகுதி இதுதான். படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்று உண்டு. இந்தப் பரப்பில் சொல்லிக்கொள்ளும்படியாக ஓர் ஆறுகூட இல்லை. மழை, பனி எல்லாம் சேர்த்தால் ஆண்டுக்கு ஒரு மீட்டர் அளவுக்கு நீர் விழுகிறது. ஆனாலும் அந்தக் காலத்து வீடுகளில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துத்தான் பிழைப்பை ஓட்டினார்கள். வறண்ட மண்ணையும் தாங்கி வளரும் செடி என்பதால்தான் லாவெண்டருக்கு இங்கே இடம் கிடைத்தது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஊற்றிலிருந்து ஓராண்டில் வரும் 63 கோடி கன மீட்டர் தண்ணீரை இந்த 1,100 சதுர கிலோமீட்டரில் பரப்பினால் 57 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். பெய்வதோ சுமார் ஒரு மீட்டர். மரமும் செடியும் குடித்தது, வெயில் உறிஞ்சியது போக மிச்சமெல்லாம் கீழே அந்த ஒரே வாயில் வந்து கொட்டுகிறது என்றால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

மலை இப்படி நீரை விழுங்கக் காரணம் அதன் கல். 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, கிரெட்டேசியஸ் காலத்தில், கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல் இது. பல இடங்களில் ஆயிரம் மீட்டருக்கு மேல் தடிமன். மழைநீர் காற்றிலிருந்து கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கிறது. மண்ணுக்குள் இறங்கியதும் இன்னும் நிறைய எடுத்துக்கொள்கிறது, ஏனென்றால் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிடுவதால் மண்ணில் அந்த வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம். இப்படித் தண்ணீர் மென்மையான கார்பானிக் அமிலம் ஆகிறது. கால்சியம் கார்பனேட்டான சுண்ணாம்புக்கல்லை அது கால்சியம் பைகார்பனேட்டாக மாற்றிக் கரைத்துக் கொண்டுபோய்விடும்.

வேதியியல் அவ்வளவுதான். அதைவிடச் சுவாரசியமானது அடுத்து நடப்பது. பாறையில் ஆயிரக்கணக்கான விரிசல்கள் இருக்கின்றன. அவற்றில் சற்றே அகலமான விரிசலில் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் போகும். தண்ணீர் கூடினால் கரைவதும் கூடும், கரைந்தால் விரிசல் இன்னும் அகலமாகும், அதனால் அக்கம்பக்கத்து விரிசல்களின் தண்ணீரும் அந்தப் பக்கமே சாயும். லட்சக்கணக்கான ஆண்டுகள் இது நடந்தால் சில விரிசல்கள் சுரங்கப்பாதைகளாகிவிடும், மற்றவை மயிரிழையாகவே நின்றுவிடும். கார்ஸ்ட் என்று புவியியலாளர்கள் சொல்லும் நிலப்பரப்பு உருவாவது இப்படித்தான். அல்பியோன் பீடபூமியில் நடந்து போகிறவர்கள் திடீரென்று தரையில் வாய் திறந்திருக்கும் செங்குத்துக் குழிகளைப் பார்க்கலாம். உள்ளூரில் அவற்றை ஆவென் என்பார்கள். சில குழிகள் நூறு மீட்டருக்கு மேல் நேராகக் கீழே இறங்குகின்றன. தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்று பார்ப்பது நல்லது.

அந்தக் குழிகளுக்கும் ஊற்றுக்கும் தொடர்பு உண்டென்று எப்படித் தெரியும்? ஃபுளோரசின் என்ற பச்சைச் சாயத்தை மேலே குழிக்குள் ஊற்றிவிட்டுக் கீழே ஊற்றில் காத்திருந்தார்கள். பல பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஊற்றிய சாயம், வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கழித்து சோர்க்கில் வந்து சேர்ந்தது.

எல்லாத் தண்ணீரும் ஒரே இடத்தில் வெளிவருவதற்கும் காரணம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லுக்கு அடியில், களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த, நீர் புகாத மார்ல் படிவம். மேற்கே, பாறை உடைந்து நகர்ந்த பிளவுக்கோட்டை ஒட்டி, களிமண் படிவங்கள் வந்து அடைத்துக்கொண்டிருக்கின்றன. இந்த அடைப்பில் மிகத் தாழ்வான இடம் எதுவோ அதன் வழியாகத்தானே நீர் வழிய முடியும்? அந்த இடத்தில்தான் கிராமம் இருக்கிறது. இதைப் போல ஆழத்திலிருந்து அழுத்தத்தோடு மேலெழும் ஊற்றுகளுக்கு உலகெங்கும் புவியியலாளர்கள் ‘வோக்ளூசியன் ஊற்று’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மேலே பலத்த மழை பெய்தால் ஒன்றிரண்டு நாட்களிலேயே ஊற்று பொங்கத் தொடங்கும். ஆனால் சாயம் வந்து சேர வாரங்கள் ஆயிற்றே, மழைநீர் மட்டும் எப்படி அவ்வளவு சீக்கிரம் வரும்? வருவதில்லை. தோட்டத்துக் குழாயில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தால், இந்தப் பக்கம் திறந்த கணமே அந்தப் பக்கம் கொட்டும். கொட்டுவது குழாயில் கிடந்த பழைய நீர். மலைக்குள்ளும் அதுதான் நடக்கிறது. புதிய மழை மேலிருந்து அழுத்த, அடியில் நிறைந்து கிடந்த பழைய நீர் வெளியே தள்ளப்படுகிறது. வேகமாகப் பயணம் செய்வது அழுத்தம் மட்டுமே. வெள்ளத்தின்போது பாறைச் சுவருக்கு அருகே நிற்பவர்கள் பார்ப்பது, பெரும்பாலும், என்றோ பெய்த மழையை.

கோடையில் மாதக்கணக்கில் மழையே இல்லாவிட்டாலும் ஊற்று வற்றாததற்குக் காரணம், மேலே சொன்ன போட்டியில் தோற்ற மயிரிழை விரிசல்கள். அவை தண்ணீரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விடுகின்றன. கடும் வறட்சியில் நீர்வரத்து விநாடிக்கு நான்கைந்து கன மீட்டராகக் குறையும். பெருவெள்ளத்தில் நூறைத் தொடும்.

இந்த ஏற்ற இறக்கத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். குகைவாயிலுள்ள குளத்தின் மட்டம் 20 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும். மட்டத்தை அளக்க 19ஆம் நூற்றாண்டிலேயே பாறையில் அளவுகோல் பொருத்தி அதற்கு ‘சோர்கோமீட்டர்’ என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். நீர் அதிகமுள்ள காலத்தில் குளம் விளிம்பைத் தாண்டிப் பாறைகள்மீது வெள்ளையாகப் பாய்கிறது. வறண்ட காலத்தில் குளம் குகைக்குள் எங்கோ கீழே கிடக்கும். ஆற்றுநீரோ கொஞ்சம் தள்ளி, பாறாங்கற்களின் இடுக்கிலிருந்து கசிந்து வரும். ஆகஸ்டில் வந்துவிட்டு “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று முகம் சுளிப்பவர்கள் அதிகம். லாவெண்டரையும் பொங்கும் ஊற்றையும் ஒரே பயணத்தில் பார்ப்பது கடினம், அந்தச் செடி பூக்கும் மாதங்களில் மலை தன் சேமிப்பில் ஓடிக்கொண்டிருக்கும். ஊற்றுதான் முக்கியம் என்றால் மார்ச், ஏப்ரல் அல்லது இலையுதிர்கால மழைக்குப் பிறகு போவது நல்லது. ஆனால் அந்த வறண்ட குகைவாயும் பார்க்க வேண்டியதுதான் என்பேன். பாறை வாய்க்குள் எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

எவ்வளவு கீழே? இந்தக் கேள்வி பலரை உள்ளே இழுத்திருக்கிறது. 1878இல் ஒட்டோனெல்லி என்ற மார்செய் முக்குளிப்பாளர் கனத்த உலோகத் தலைக்கவசத்தோடு 23 மீட்டர் இறங்கினார். 1946இல் பிரெஞ்சு முக்குளிப்பாளர்கள் ஜாக் கூஸ்தோவும் ஃபிரெடரிக் துமாவும், கூஸ்தோ உருவாக்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த மூச்சுக்கருவியோடு இறங்கி, உயிர் தப்பியதே பெரிதென்று மேலே வந்தார்கள். சிலிண்டரில் காற்று நிரப்பிய கம்ப்ரஸர் தன் புகையையே உள்ளே இழுத்துவிட்டிருந்தது. கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை அவர்கள் ஆழத்தில் சுவாசித்திருக்கிறார்கள். 1983இல் ஜெர்மானியர் யோகன் ஹாசன்மாயர் 205 மீட்டர் வரை போனார். 1985இல் மொடெக்ஸா என்ற ரோபோ 308 மீட்டரில் மணல் தரையைத் தொட்டது. கடல்மட்டத்துக்கும் 200 மீட்டருக்கு மேல் கீழே இருக்கிறது அந்தத் தரை.

இங்கே ஒரு முரண் தெரிகிறதா? தண்ணீர் கடலை நோக்கி ஓடும். கடலுக்கும் கீழே அது ஏன் சுரங்கம் தோண்ட வேண்டும்? புவியியலாளர்கள் சொல்லும் விளக்கம் மலைக்கு வெளியே, மத்தியதரைக் கடலில் தொடங்குகிறது. சுமார் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அட்லாண்டிக்கோடு இருந்த தொடர்பு அடைபட்டு, அந்தக் கடலின் பெரும்பகுதி ஆவியாகிப் போனது. கடல் மட்டம் ஆயிரம் மீட்டருக்கும் மேல் இறங்கியது. கடல் இறங்கியதும், மலைக்கு மேற்கே ஓடி அந்தக் கடலில் கலக்கும் ரோன் ஆறு தன் படுகையைச் சரசரவென்று அறுத்துக்கொண்டு மிக ஆழமான பள்ளத்தாக்காக்கியது. மலைக்குள் இருந்த நீரும் அந்தப் புதிய பள்ளத்தைத் தேடிக் கீழே கீழே வழி செய்துகொண்டது. அப்புறம், 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு, கடல் திரும்பி வந்தது. பள்ளத்தாக்கு களிமண்ணால் நிரம்பியது. ஆழத்து வாசல் அடைபட்டதும் நீருக்கு மேலே வருவதைத் தவிர வழியில்லை. நின்று பார்க்கும் அந்தக் குளம், அடைபட்ட ஓர் ஆழச் சுரங்கத்தின் மேல்நோக்கிய கிளை.

இங்கே முக்குளிப்பவர்களுக்கு வேறு விதமான பரிசும் கிடைத்திருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் குகை ஆய்வாளர்கள் ஊற்றுக்குள்ளிருந்து 1,600க்கும் மேற்பட்ட பழங்கால நாணயங்களை எடுத்தார்கள். பெரும்பாலும் ரோமானியர் காலத்தவை, ஊற்றுக்குக் காணிக்கையாகப் போட்டவை. 1337இல் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க் இந்தப் பள்ளத்தாக்கில் குடியேறினார். அவர் நினைவாக நிறுத்திய தூண்தான் ஊர்ச் சதுக்கத்தின் நடுவில் நிற்கிறது.

மேலே பீடபூமியிலும் ஒரு வினோதமான கதை உண்டு. 1971 முதல் 1996 வரை அல்பியோன் பீடபூமியின் பாறைக்குள் பிரான்சு 18 அணு ஏவுகணைகளை வைத்திருந்தது. அவை அகற்றப்பட்ட பிறகு, ருஸ்த்ரெல் கிராமத்துக்கு அருகே இருந்த நிலத்தடிக் கட்டுப்பாட்டு மையம் ஆய்வுக்கூடமாகிவிட்டது. அதன் சுரங்கங்களில் கூரையிலிருந்து சொட்டும் நீரை விஞ்ஞானிகள் அளக்கிறார்கள். அந்தச் சொட்டுகளும் ஊற்றை நோக்கித்தான் போகின்றன.

இந்த நீர் பார்க்கத் தெளிவாக இருப்பதாலேயே சுத்தமானது என்று நம்பிவிடக் கூடாது. மணல் நிலத்தில் நீர் மெல்ல வடிந்து இறங்கும்போது அழுக்கு தங்கிவிடும். கார்ஸ்ட்டில் அகலமான சுரங்கங்கள் வடிகட்டுவதில்லை. பீடபூமியின் ஒரு குழியில் எறிந்த குப்பையின் சாறு, அந்தப் பச்சைச் சாயம் வந்த வழியிலேயே வந்து சேரும்.

சோர்க்கில் இறங்க ஆசைப்படுபவர்களுக்கு மலை இன்னொன்றையும் வைத்திருக்கிறது. ஆழத்திலேயே தங்கிவரும் நீர் என்பதால் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 13 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். அவிஞ்ஞோன் பக்கம் 35 டிகிரி கொளுத்தும் நாளிலும் கால் வைத்தால் விறைத்துவிடும். ட்ரௌட் மீன்களுக்கு இது சொர்க்கம். நீர்ச்செடிகளும் அடர்ந்து வளர்வதால் ஆறு முழுக்க மரகதப் பச்சை. வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் முற்றிலும் நிற்காத ஓட்டம் என்பதால் பல நூற்றாண்டுகள் ஆலைகள் இதை நம்பி ஓடின. கீழே லீல்-சூர்-லா-சோர்க் ஊரில் பாசி படர்ந்த பெரிய சக்கரங்கள் இன்றும் சுற்றுகின்றன.

கிராமத்திலிருந்து அந்த ஊர் வரை கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் போகலாம். காலாஸ் நீர்ப்பாலத்தின் வளைவுகளுக்குக் கீழே புகுந்து சுமார் 8 கிலோமீட்டர், ஓட்டமே பாதி வேலையைச் செய்துவிடும். நடப்பவர்களுக்கு ஜி.ஆர். 6 நெடும்பாதை ஊர் வழியாகவே போகிறது. எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் நாளைப் பீடபூமிக்கு ஒதுக்குங்கள். சோவைச் சுற்றி ஒரு நாள் நடந்து, ஓர் ஓடைகூடக் கண்ணில் படாமல் இறங்கி வந்து, அப்புறம் ஊற்றைப் பாருங்கள்.