49 வயதுவரை வீசிய கை

1952 ஏப்ரலில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக ஹாய்ட் வில்ஹெல்ம் முதன்முதலாக, அமெரிக்க பேஸ்பாலின் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீக் மைதானத்தில் இறங்கியபோது அவருக்கு வயது 29. அந்த வயதில் பல பிட்சர்கள், அதாவது பந்து வீசுபவர்கள், உச்சத்தைத் தொட்டு இறங்க ஆரம்பித்திருப்பார்கள். தோளோ முழங்கையோ போய், சிலர் ஊருக்கே திரும்பியிருப்பார்கள். வில்ஹெல்ம் அந்த வயதில் தொடங்கி, 1972 ஜூலையில் 50-வது பிறந்தநாளுக்கு 16 நாள் பாக்கியிருக்கும்வரை பந்து வீசினார். மொத்தம் 1,070 ஆட்டங்கள். ஆயிரம் ஆட்டங்களைத் தொட்ட முதல் பிட்சர் அவர்தான்.

இதை மனவுறுதி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம். மனவுறுதி நிறையவே இருந்தது. ஆனால் மனவுறுதி எவ்வளவு இருந்தாலும் முழங்கைத் தசைநார் ஒன்று அறுந்துபோனால் அந்தக் காலத்தில் எல்லாம் முடிந்தது. அவருடைய கை ஏன் அறுந்துபோகவில்லை என்பதற்கு விடை அவர் வீசிய பந்தில் இருக்கிறது. அந்தப் பந்தின் பெயர் நக்கிள்பால்.

வடக்கு கரோலினாவில் 11 பிள்ளைகள் கொண்ட ஒரு குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் வில்ஹெல்ம். அப்போது டச் லெனர்ட் என்ற பிட்சர் நக்கிள்பால் வீசிப் பெயர் வாங்கிக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிப் பத்திரிகையில் படித்த பையன், ஒரு டென்னிஸ் பந்தை எடுத்து அதே பிடியைப் பழகத் தொடங்கினான். சொல்லித்தர ஆள் கிடையாது. 1942-ல் மூர்ஸ்வில் என்ற சிற்றூர் அணியில், மைனர் லீக்கின் அடிமட்டத்தில் சேர்ந்தார். அதற்குள் போர் வந்தது. ராணுவத்தில் சேர்ந்து பல்ஜ் சண்டையில் காயம்பட்டு, போரில் காயம்பட்டவர்களுக்குத் தரப்படும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கத்தோடு திரும்பினார். முதுகில் தங்கிய குண்டுச் சிதறல் ஒன்று அவர் ஆடிய காலம் முழுக்க அங்கேயே இருந்தது. திரும்பி வந்தவர் 1946-ல் மறுபடியும் அதே மூர்ஸ்வில்லில் தொடங்கி, படிப்படியாக மேலே வர இன்னும் ஆறு சீசன் ஆனது.

சரி, மற்ற பிட்சர்களின் கைக்கு என்ன ஆகிறது என்று முதலில் பார்ப்போம்.

வேகமாக வீசப்படும் ஃபாஸ்ட்பால் மணிக்கு 145 முதல் 160 கிலோமீட்டர் வேகத்தில் போகும். கிரிக்கெட்டில் பவுலர் ஓடிவந்து, முழங்கையை மடக்கி நீட்டாமல் வீசுகிறார். பேஸ்பாலில் ஓட்டம் கிடையாது. மண்மேட்டில் நின்ற இடத்திலிருந்து ஒரு நீண்ட எட்டு வைத்து, கையைப் பின்னால் வளைத்து, சாட்டையைப்போல் முன்னே விசிற வேண்டும். அந்த விசிறலில் மேற்கை தோள்மூட்டில் நொடிக்கு ஏறக்குறைய 7,000 டிகிரி வேகத்தில் திரும்புகிறது. அதே வேகத்தில் ஒரு முழு நொடி சுழல முடிந்தால் 19 சுற்று வரும். மனித உடல் செய்யும் மிக வேகமான அசைவுகளில் இதுவும் ஒன்று.

அந்தக் கணத்தில் முழங்கையின் உட்புறம் பிளந்துகொள்ளப் பார்க்கிறது. அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாமில் விளையாட்டு மருத்துவ ஆய்வகம் நடத்தும் கிளென் ஃபிளைசிக் குழு 1995-ல் வெளியிட்ட அளவீட்டின்படி, முழங்கையில் விழும் முறுக்குவிசை சுமார் 64 நியூட்டன் மீட்டர். உள்ளங்கையில் ஏறக்குறைய 18 கிலோ எடையைக் கட்டி முன்கையைப் பக்கவாட்டில் இழுத்தால் முழங்கை படும் பாடு அது. இதைத் தடுத்து நிறுத்த உட்புறத்தில் ஒரு சின்னத் தசைநார் இருக்கிறது. இறந்தவர்களின் கைகளில் செய்த சோதனைகளில் அந்தத் தசைநார் கிட்டத்தட்ட இதில் பாதி விசையிலேயே அறுந்தது. மீதியைச் சுற்றியுள்ள தசைகளும் எலும்பும் தாங்கிக்கொள்கின்றன. தசை களைத்துப்போனால் பாரம் முழுக்கத் தசைநார்மேல் இறங்கும். ஒரு நாளில் வந்துவிடும் காயம் இல்லை இது, சின்னச் சின்னக் கிழிசல்கள் வருடக்கணக்காகச் சேர்ந்து ஒருநாள் அறுகிறது.

அறுந்த தசைநாருக்குப் பதிலாக முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்துப் பொருத்தும் அறுவை சிகிச்சையை ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் முதன்முதலில் செய்தது 1974 செப்டம்பரில். நோயாளி, டாமி ஜான் என்ற பிட்சர். சிகிச்சைக்கே இன்று அவர் பெயர்தான். வில்ஹெல்ம் ஓய்வுபெற்றது அதற்கு இரண்டு ஆண்டு முன்பு. அதாவது அவர் ஆடிய காலம் முழுவதும், அறுந்த முழங்கைக்கு மருந்தே இல்லாத காலம்.

நக்கிள்பால் வீசுபவருக்கு இந்த விசிறல் முழு வேகத்தில் தேவையில்லை. பந்து மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டரில் போனால் போதும். ஆனால் வேறு ஒரு கஷ்டம் உண்டு. சாதாரணமாக எந்தப் பந்தை எறிந்தாலும் கடைசியாக விரல் நுனி பந்தின் பின்புறத்தை உரசிக்கொண்டு பிரியும், பந்து தானாகவே பின்நோக்கிச் சுழலும். ஃபாஸ்ட்பால் நிமிடத்துக்கு 2,200 முறைக்கு மேல் சுழல்கிறது. நக்கிள்பாலில் இந்தச் சுழற்சியைக் கொல்ல வேண்டும். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கி, நகங்களைத் தையலுக்குச் சற்றுப் பின்னால் தோலில் ஊன்றி, கட்டைவிரலும் மோதிரவிரலும் பக்கவாட்டில் அணைத்துப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டு அசையவே கூடாது. விடும்போது நகங்கள் லேசாக முன்னே தள்ளும். வரவேண்டிய பின்சுழற்சியை அந்தத் தள்ளல் ரத்து செய்துவிடும். நகம் கொஞ்சம் உடைந்திருந்தாலோ வியர்வையில் விரல் வழுக்கினாலோ பந்து இரண்டு மூன்று சுற்று சுற்றிவிடும். அப்படிச் சுற்றிய நக்கிள்பால் வெறும் மெதுவான பந்து, பேட்டருக்கு விருந்து. அதனால்தான் இந்தக் கூட்டத்தார் நகத்தை அரத்தால் ராவி, பார்த்துப் பார்த்துக் காப்பாற்றுகிறார்கள்.

சுழலாத பந்துக்கு அப்படி என்ன சக்தி?

சுழலும் பந்தின் வளைவு நமக்குத் தெரிந்ததுதான். பந்து சுழன்றால் அதைத் தாண்டிப் போகும் காற்று ஒரு பக்கமாகத் திருப்பிவிடப்படுகிறது, பந்து எதிர்ப்பக்கம் தள்ளப்படுகிறது. இதற்கு மாக்னஸ் விளைவு என்று பெயர். சுழற்சி சீராக இருப்பதால் வளைவும் சீராக இருக்கும், அனுபவமுள்ள பேட்டர் அதை முன்கூட்டியே கணித்துவிடுவார்.

சுழற்சி இல்லாதபோது ஆட்டம் தையலின் கைக்குப் போகிறது. பேஸ்பாலில் 108 இரட்டைத் தையல்கள் உண்டு. தோல் பரப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் எழும்பி, பந்தைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடும். பந்தின்மேல் ஒட்டியபடி போகும் காற்றுப் படலம் வழவழப்பான தோல்மேல் சீக்கிரமே பிரிந்துவிடும். தையலில் இடறிய இடத்திலோ அது கொந்தளித்து இன்னும் கொஞ்ச தூரம் பந்தை ஒட்டியே போகும். ஒரு பக்கம் சீக்கிரம், மறுபக்கம் தாமதம் என்று காற்று பிரிந்தால் பந்துக்குப் பின்னால் உள்ள சுழிப்பு ஒருபுறம் சாயும், பந்து மறுபுறம் தள்ளப்படும். கிரிக்கெட்டில் புதுப்பந்து ஸ்விங் ஆவதும் இதே காரணத்தால்தான். ஆனால் கிரிக்கெட் பந்தில் தையல் நேராக ஒரு வளையம், பவுலர் அதை நிமிர்த்திப் பிடித்து ஒரே திசையில் வைத்திருக்க முடியும். பேஸ்பாலின் வளைந்த தையலில் பந்து கால்வாசி திரும்பினாலே காற்றுக்கு முன்னால் வேறு அமைப்பு வந்துவிடும், தள்ளும் திசையும் மாறிவிடும்.

துலேன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் வாட்ஸ், எரிக் சாயர் இருவரும் 1975-ல் இதை அளந்து காட்டினார்கள். காற்றுச்சுரங்கத்தில் ஒரு பேஸ்பாலைப் பொருத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு கோணத்திலும் பக்கவாட்டு விசையைக் குறித்தார்கள். கோணம் மாற மாற விசை ஒரு பக்கம் ஏறி, பூச்சியமாகி, எதிர்ப்பக்கம் போனது. பந்து வேகமாகச் சுழன்றால் இந்த ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். மிக மெதுவாக, பேட்டரை அடையும்வரை ஒரு சுற்று அளவுக்குத் திரும்பினால் விலகல் பெரிதாக இருக்கும். கையை விட்டுப் பிரியும் கணத்தில் தையல் எந்தக் கோணத்தில் இருக்கும் என்பதை யாராலும் சில டிகிரி துல்லியத்தில் கட்டுப்படுத்த முடியாது. ஆகவே பந்து எந்தப் பக்கம் போகும் என்பது வீசியவருக்கே தெரியாது.

நக்கிள்பால் வழியில் இப்படியும் அப்படியும் நெளிந்து வரும் என்று பேட்டர்கள் சத்தியம் செய்வார்கள். இலினாய் பல்கலைக்கழக இயற்பியலாளர் ஆலன் நேதன், மைதானங்களில் உள்ள கேமராக்களின் தரவை வைத்து இதைச் சோதித்தபோது, பாதை மற்ற பந்துகளைப் போலவே வழவழப்பாகத்தான் இருந்தது. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையில் வளைவின் திசையும் அளவும்தான் தாறுமாறாக மாறியது. எனக்கு இந்த முடிவு ரொம்பப் பிடிக்கும். பேட்டரின் கண் பொய் சொல்லவில்லை. பந்து வரும் அரை நொடியில் மூளை பழைய பந்துகளை வைத்து ஒரு பாதையை வரைந்துகொள்கிறது. நக்கிள்பாலுக்கு அப்படி வரைய ஆதாரமே இல்லை. வரைந்த இடத்தில் பந்து இல்லாதபோது, அது நெளிந்துவிட்டதாகத் தோன்றுகிறது.

பேட்டருக்குத் தெரியாதது, அவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கும் தெரியாது. 1954 செப்டம்பரில் வில்ஹெல்ம் வீசியபோது ஜயன்ட்ஸ் கேட்சர் ரே காட் ஒரே இன்னிங்ஸில் நான்கு பந்துகளைக் கோட்டைவிட்டார். பேஸ்களில் எதிரணி ஓட்டக்காரர்கள் நிற்கும்போது அப்படி நழுவினால் அவர்கள் சும்மாவே முன்னேறிவிடுவார்கள். 1960-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் மேனேஜர் பால் ரிச்சர்ட்ஸ், வில்ஹெல்முக்காகவே ஒரு ராட்சதக் கையுறை செய்து கேட்சரிடம் கொடுத்தார். பிற்பாடு விதி வந்தது: கேட்சர் கையுறையின் சுற்றளவு 38 அங்குலத்தைத் தாண்டக் கூடாது.

ரிலீஃப் பிட்சர் வேலைக்கு இந்தப் பந்து எப்படிப் பொருந்தியது என்பதையும் பார்க்க வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் களைத்ததும் நடுவிலோ கடைசியிலோ வந்து காப்பாற்றுபவர்தான் ரிலீஃப் பிட்சர். தொடங்கும் பிட்சர் ஒரு ஆட்டம் வீசினால் சில நாள் ஓய்வு. இவருக்கு அப்படிக் கிடையாது. இன்று கூப்பிடலாம், நாளையும் கூப்பிடலாம். அழைப்பு வராவிட்டாலும் ஓரமாக நின்று கையைச் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். 1950-களில் தொடக்கப் பிட்சராக முடியாதவர்களுக்கான இடமாகத்தான் பலரும் அதைப் பார்த்தார்கள். மைனர் லீக்கில் ஆட்டங்களைத் தொடங்கிக்கொண்டிருந்த வில்ஹெல்மை ஜயன்ட்ஸ் மேனேஜர் லியோ டுரோஷர் அங்கே அனுப்பினார். அந்த முதல் சீசனில் 154 ஆட்டங்களில் 71-ல் அவர் வீசினார். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன் 2.43, மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீக்கிலேயே மிகக் குறைவு. முழு வேகத்தில் விசிறும் கை இத்தனை நாள் அடுத்தடுத்து தாங்குவது கடினம். ஐந்து இன்னிங்ஸ் ஃபாஸ்ட்பால் பார்த்துப் பழகிய பேட்டருக்கும் திடீரென்று சுழலாத பந்து வந்தால் நேரக்கணக்கு தப்பிவிடும்.

அப்படியும் அணிகள் அவரைக் கைமாற்றிக்கொண்டே இருந்தன. செயின்ட் லூயிஸ், அப்புறம் கிளீவ்லாந்து. 1958 ஆகஸ்டில் கிளீவ்லாந்தும் வேண்டாம் என்றது, பால்டிமோர் எடுத்துக்கொண்டது. ஒரு மாதம் ஆவதற்குள், செப்டம்பர் 20-ல், தொடக்கப் பிட்சராக இறங்கி நியூயார்க் யாங்கீஸ் அணியை ஒரு ஹிட் கூட அடிக்க விடாமல் 1-0 என்று ஜெயித்தார். அடுத்த ஆண்டு மற்றொரு பிரிவான அமெரிக்கன் லீக்கிலும் சராசரியில் முதலிடம், 2.19. ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது சிகாகோ வொயிட் சாக்ஸில் அவர் 1964 முதல் 1968 வரை ஆடியது. வயது 40-ஐத் தாண்டிய பிறகு, ஐந்து சீசன் வரிசையாகச் சராசரி 2-க்குக் கீழே. 1967-ல் 1.31. ஒன்பது அணிகளைப் பார்த்துவிட்டு ஓய்வுபெற்ற அவர், 1985-ல் பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பிடித்தார். ரிலீஃப் பிட்சர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை.

அவருக்குப் பின்னால் வந்தவர்களைப் பார்த்தால் பந்துக்கும் வயதுக்கும் உள்ள தொடர்பு இன்னும் தெளிவாகும். ஃபில் நீக்ரோ 48 வயதுவரை வீசினார், சார்லி ஹஃப் 46, டிம் வேக்ஃபீல்டு 45. மூவருமே நக்கிள்பால்காரர்கள். ஆர். ஏ. டிக்கி கதை இன்னும் விசேஷம். 1996-ல் எடுத்த பரிசோதனையில் அவருடைய முழங்கையில் அந்தத் தசைநாரே இல்லை என்று தெரிந்தது, 8,10,000 டாலராக இருந்த ஒப்பந்தத் தொகை 75,000-ஆகச் சுருங்கியது. பல வருடம் தடுமாறி, பிறகு நக்கிள்பாலுக்கு மாறி, 2012-ல் நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வாங்கினார்.

கிரிக்கெட்டுக்கும் இது வந்துவிட்டது. 2011 உலகக் கோப்பையில் சேப்பாக்கத்தில் நடந்த மேற்கிந்தியத் தீவுகள் ஆட்டத்தில், 81 ரன் எடுத்து நின்றிருந்த டெவன் ஸ்மித்தை ஜாகீர் கான் போல்டாக்கியது இந்தப் பிடியில் வீசிய மெதுவான பந்தில்தான். கை அதே வேகத்தில் வரும், பந்து மட்டும் தாமதமாக வரும். அங்கே தேவைப்பட்டது பேட்ஸ்மேனின் நேரக்கணக்கைக் குலைப்பது.

இப்போது மேஜர் லீக்கில் நக்கிள்பாலை நம்பி வீசுபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2023-ல் சான் டியேகோ அணிக்கு வந்த மேட் வால்ட்ரன் அவர்களில் ஒருவர். ஆள் தேடுபவர்கள் பள்ளிக்கூட மைதானத்திலேயே வேகமானியை நீட்டுகிறார்கள், மணிக்கு 110 கிலோமீட்டரில் வீசும் பையனை யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. பயிற்சியாளர்களிலும் பெரும்பாலோர் இந்தப் பந்தை வீசியதே கிடையாது. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வில்பர் வுட் சாட்சி. 1967-ல் வொயிட் சாக்ஸுக்கு வந்தபோது அவர் எங்கும் நிலைக்காத ஒரு சாதாரணப் பிட்சர். அங்கே வில்ஹெல்ம் அவரை நக்கிள்பாலையே முழுதாக நம்பி வீசச் சொன்னார், கூடவே இருந்து கற்றுக்கொடுத்தார். அடுத்த ஆண்டே வுட் 88 ஆட்டங்களில் வீசினார். அதுவரை ஒரே சீசனில் எந்தப் பிட்சரும் அத்தனை ஆட்டங்களில் வீசியதில்லை.