பக்கவாதம்: காப்பீட்டு அட்டையைத் தேடுவதற்கு முன்

கை திடீரென்று வலுவிழக்கிறது, வாய் கோணுகிறது, பேச்சு குழறுகிறது. அந்தப் பதற்றத்தில் பல வீடுகளில் பீரோவைத் திறந்து காப்பீட்டு அட்டையைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதலில் 108-ஐ அழையுங்கள். அட்டையைப் பிறகு யாராவது எடுத்து வரலாம்.

மூளையின் ரத்தக்குழாய் அடைபட்டாலும் வெடித்தாலும் வெளியே தெரியும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றுதான். சிகிச்சையோ நேர் எதிர். அடைப்புக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவார்கள். ரத்தக்கசிவு உள்ளவருக்கு அதே ஊசி உயிருக்கே உலை வைத்துவிடும். சி.டி. ஸ்கேன் எடுக்காமல் இரண்டையும் பிரித்தறிய முடியாது. வீட்டில் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்ப்பது தவறு என்பது இதனால்தான். விழுங்கும் திறன் போயிருக்கலாம் என்பதால் தண்ணீரும் புகட்டக் கூடாது.

கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த நேரத்தைக் கணக்கிடுவதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். இரவு பத்து மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தவர் காலை ஆறு மணிக்குக் குழறலோடு எழுந்தால், கணக்கு பத்து மணியிலிருந்தே தொடங்குகிறது. அதற்காக நம்பிக்கை இழந்து வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ள சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் குழாய் செலுத்திக் கட்டியை எடுக்க முடிகிறது. எப்போது கடைசியாக நலமாக இருந்தார் என்பதை மட்டும் மருத்துவரிடம் சரியாகச் சொல்லுங்கள்.

இனி செலவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்துடன் இணைந்து தமிழ்நாட்டில் செயல்படுகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் இதில் சேரலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இது தலைக்கு அல்ல, குடும்பம் முழுவதற்கும் சேர்த்து. பக்கவாதத்துக்கான உள்நோயாளி சிகிச்சையும், ரத்தக்குழாயில் குமிழ் போல் எழும் வீக்கத்தைக் கம்பிச்சுருள் வைத்தோ கிளிப் போட்டோ அடைப்பதும் ஆயுஷ்மான் பாரத் சிகிச்சைப் பட்டியலில் இருக்கின்றன. முன் அனுமதி வாங்குவது மருத்துவமனையின் வேலை. நீங்கள் அலைய வேண்டியதில்லை. அட்டையே இல்லாவிட்டாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தயங்காமல் போகலாம்.

குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்யலாம். எல்லோரும் நலமாக இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். பக்கத்து மருத்துவமனைகளில் எதில் இரவிலும் சி.டி. ஸ்கேன் எடுக்கிறார்கள் என்பதையும் இப்போதே விசாரித்து வையுங்கள். என்னைக் கேட்டால், அட்டையைவிட இந்தத் தகவலே முக்கியம். சந்தேகங்களுக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.

வீட்டில் 70 வயதோ அதற்கு மேலோ ஆனவர் இருந்தால், 2024 அக்டோபர் முதல் வருமான வரம்பே இல்லாமல், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் முதியோருக்கான ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை பெறும் உரிமை அவருக்கு உண்டு.

வெளிநோயாளியாக வாங்கும் மருந்துகளுக்கு ஆயுஷ்மான் பாரத் பணம் தராது. பக்கவாதத்திலோ தினமும் விழுங்கும் ரத்த அழுத்த மாத்திரைதான் அடுத்த தாக்குதலைத் தடுக்கும் பெரிய காவல். இந்த இடைவெளியை 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஓரளவு நிரப்புகிறது: ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன, இயன்முறை சிகிச்சையாளரும் வீடு தேடி வருகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லிக் கேளுங்கள்.

கை கால் செயலிழப்பு நீடித்து, 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் என மருத்துவர் சான்றளித்தால், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம்.