ஹைட்ரேட்: நீரேறியா, நீர்க்கூண்டா?

கடலடி எரிவாயுவைப் பற்றி எழுதுபவர்கள் 'கேஸ் ஹைட்ரேட்' என்ற சொல்லைத் தாண்டிப் போக முடியாது. மீத்தேன் என்ற எரிவாயுவும் நீரும் சேர்ந்து கடலடியில் திடமாகக் கிடக்கும் பொருள் அது. தமிழில் சிலர் அதை அப்படியே எழுதுகிறார்கள். சிலர் 'எரியும் பனிக்கட்டி' என்கிறார்கள். இரண்டுமே எனக்குப் போதவில்லை.

கிரேக்கத்தில் 'ஹைடோர்' என்றால் நீர். அதிலிருந்து வந்ததுதான் ஹைட்ரேட். நாம் தினம் சொல்லும் கார்போஹைட்ரேட்டில் இருப்பதும் இதே சொல்தான். இலங்கைப் பாடநூல்களில் அது காபோவைதரேற்று. நம் பள்ளி வேதியியலில் 'நீரேறிய உப்பு' என்று படித்திருப்போம். மயில்துத்தம் நல்ல உதாரணம். சூடாக்கினால் நீர் போய் வெளுத்துவிடும், சொட்டு நீர் விட்டால் மறுபடி நீலமாகும். உப்பில் நீர் ஏறியிருக்கிறது, அதனால் நீரேறி. பொருத்தமான சொல்.

ஆனால் கடலடியில் கதை தலைகீழ். அங்கே மீத்தேனில் நீர் ஏறவில்லை. நீர் மூலக்கூறுகள் கைகோத்துக் கூண்டு கட்ட, அதற்குள் மீத்தேன் அடைபட்டுக் கிடக்கிறது. குளிரும் அழுத்தமும் இருக்கும்வரைதான் கூண்டு நிற்கும். வேதியியலார் இந்த வகைக்கு வைத்திருக்கும் இன்னொரு பெயர் கிளாத்ரேட். லத்தீனில் அதற்குக் கம்பி அடித்தது என்று பொருள், நம் வீட்டுச் சன்னல் கிராதி போல. இந்தப் பெயர்தான் பொருளைச் சரியாகப் பிடிக்கிறது. ஆகவே 'மீத்தேன் நீர்க்கூண்டு' என்று எழுதலாம் என்பது என் கட்சி.

பனிக்கட்டி என்பது ஏன் கூடாது? பார்க்க வெள்ளையாக இருக்கும், தீ வைத்தால் எரியும், உண்மைதான். ஆனால் நீர் உறையாத வெப்பநிலையிலும் இது உருவாகும். அமெரிக்காவில் எரிவாயுக் குழாய்களை அடைத்தது வெறும் பனியல்ல, ஹைட்ரேட் என்று 1934-இல் ஹாமர்ஷ்மிட் என்ற ஆய்வாளர் காட்டினார். பனி என்று நினைத்தால் ஆபத்தும் புரியாது, வளமும் புரியாது.

வளத்தைப் பாருங்கள். ஒரு கன மீட்டர் நீர்க்கூண்டு உடைந்தால் சுமார் 160 கன மீட்டர் வாயு கிடைக்கும். தேடுவதற்கு ஒலி அலைகளைக் கடலுக்குள் அனுப்புவார்கள். கூண்டு அடுக்கின் அடியில் கூண்டில் அடைபடாத வாயு தங்கியிருந்தால், கடல்தரையின் வடிவத்தையே ஒத்த ஓர் எதிரொலிக் கோடு படத்தில் விழும். கோடு இருக்கிறது என்பதாலேயே எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துவிடாது, துளையிட்டுத்தான் பார்க்கவேண்டும். 2006-இல் இந்தியா கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் அப்படித் துளையிட்டபோது, ஓரிடத்தில் சுமார் 130 மீட்டர் தடிமனுக்கு விரிசல் விழுந்த களிமண்ணில் இது கிடைத்தது. பெரிய கண்டுபிடிப்புதான். ஆனால் களிமண்ணிலிருந்து வாயுவை இழுப்பது கடினம், மணல் அடுக்குதான் தோது. அதனால் 2015-இல் மணலைத் தேடி மறுபடி போனார்கள். அப்போது துளையிட்டது ஜப்பானின் 'சிக்யூ' கப்பல். 2013-இல் ஜப்பான் கடலடியிலிருந்து முதன்முதலாக இந்த வாயுவை எடுத்துக் காட்டியதும் அதே கப்பலில்தான். அங்கே மணல் கிணற்றுக்குள் புகுந்ததால், ஆறு நாளில் சோதனையை நிறுத்தவேண்டி வந்தது.

சரி, ஆபத்து? 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில், ஏறக்குறைய 1,500 மீட்டர் ஆழத்தில் எண்ணெய் பீறிட்டது. அதன் மேல் சுமார் 100 டன் எஃகுப் பெட்டியை இறக்கிப் பிடிக்கப் பார்த்தார்கள். கசிந்த வாயு குளிர்ந்த கடல்நீரோடு சேர்ந்து பெட்டிக்குள்ளேயே கூண்டு கட்டிக்கொண்டது. வழி அடைபட்டு முயற்சி தோற்றது. இது கூண்டு கட்டுவதால் வரும் கேடு. கூண்டு உடைவதால் வருவது வேறு: சரிவான கடல்தரையில் மண்ணைப் பிடித்திருந்த திடப்பொருள் நீரும் வாயுவுமாகப் பிரிந்தால் மண் தளரும், சரியவும் கூடும். அதனால்தான் எண்ணெய்க் கிணறு தோண்டுமுன் அந்த இடத்தில் இது இருக்கிறதா என்று பார்க்கிறார்கள்.

'நீர்க்கூண்டு' என்று எழுதினால் இன்னொரு வசதியும் உண்டு. உருவாவதைக் 'கூண்டு கட்டுதல்' என்றும், பிரிவதைக் 'கூண்டு உடைதல்' என்றும் சொல்லிவிடலாம், வேறு கலைச்சொல் தேடவேண்டாம். முதல் இடத்தில் மட்டும் 'மீத்தேன் நீர்க்கூண்டு, அதாவது கேஸ் ஹைட்ரேட்' என்று எழுதிவிட்டால் போதும்.